வண்ணங்களில் வாழும் அம்ரிதா

(பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்)

கலை கண்ணுக்கு மட்டுமன்று, கருத்துக்கும் விருந்து என்பார்கள். அதன் உண்மையை நாங்கள் உணர்ந்தது இக்கல்வியாண்டில் ஒரு சனிக்கிழமை மாலையில். நகரிலுள்ள மகளிர் கல்லூரி ஒன்றின் மாணவியர், ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் வாழ்க்கையை நவீன நடனமாக ஆடுகின்றனர் என்றறிந்து, எங்கள் ஓவிய ஆசிரியை எங்களை அழைத்துச் சென்றார்கள். வகுப்புப் பொறுப்பாளரான சிஸ்டரும் உடன் வந்தார்கள்.

நடனம் என்றால் எங்களுக்குச் சலங்கையும் நெற்றிச்சுட்டியும் சரிகைப் புடவையும்தான். ஆனால் திரை விலகியபோது, வெள்ளைப் பருத்திச் சேலையணிந்த பன்னிரண்டு பெண்கள் வெறுங்காலுடன் அசையாமல் நின்றனர். சலங்கை இல்லை. முகத்தில் ஒரு பூச்சும் இல்லை. பின்னணியில் பியானோ மட்டும் மெல்ல ஒலித்தது. எங்களில் சிலர் சிரித்தே விட்டோம். சிஸ்டர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்கள், சிரிப்பு அடங்கியது.

அம்ரிதா 1913-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர். வடமொழி கற்ற அறிஞர். புகைப்படக் கலையில் வல்லவர். தாய் மரி அன்டோனியட் ஹங்கேரி நாட்டு இசைக் கலைஞர். 1921-இல் குடும்பம் சிம்லாவுக்கு வந்தது. 1924-இல் தாயுடன் இத்தாலி சென்ற அம்ரிதா, ஃப்ளாரன்ஸ் நகரில் ஒரு கான்வென்ட் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அப்பள்ளியின் கட்டுப்பாடுகள் அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. சில மாதங்களிலேயே சிம்லா திரும்பிவிட்டார். மேடையில் வரிசையாக நின்ற பெண்களிடமிருந்து ஒருத்தி மட்டும் விலகி ஓடிய காட்சியில், நாங்கள் அனைவரும் சிஸ்டரின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தோம். அவர்கள் புன்னகைத்துக் கொண்டிருந்தார்கள்!

1929-இல், 16 வயதில், அம்ரிதா பாரிஸ் நகருக்குச் சென்றார். புகழ்பெற்ற நுண்கலைப் பள்ளியில் பயின்றார். 1932-இல் அவர் தீட்டிய 'இளம் பெண்கள்' என்னும் ஓவியம் மறு ஆண்டே அவருக்குத் தங்கப் பதக்கத்தையும், பாரிஸின் பெருமைமிக்க ஓவியக் கண்காட்சி அமைப்பில் இணை உறுப்பினர் என்னும் தகுதியையும் பெற்றுத் தந்தது. அப்போது அவருக்கு வயது 20. அங்கேயே இருந்திருந்தால் பேரும் புகழும் குவிந்திருக்கும். ஆயினும் தம் கலைக்குரிய இடம் இந்தியாவே என்று முடிவு செய்து, 1934-ஆம் ஆண்டின் இறுதியில் தாயகம் திரும்பினார்.

இங்கே அவர் மன்னர்களையும் மாளிகைகளையும் தேடிச் செல்லவில்லை. மலைவாழ் ஆண்களையும் பெண்களையும், ஏழைத் தாய்மாரையும் வரைந்தார். 1935-இல் சிம்லாவின் நுண்கலைச் சங்கம் அவருடைய சில ஓவியங்களைத் திருப்பியனுப்பிவிட்டு, ஒன்றுக்கு மட்டும் பரிசளித்தது. அந்தப் பரிசை அவர் ஏற்க மறுத்துவிட்டார். அதே ஆண்டில் தீட்டிய 'மூன்று பெண்கள்' என்னும் ஓவியத்திற்கு 1937-இல் பம்பாய்க் கலைச் சங்கத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அந்த மூவரும் சிரிக்கவில்லை, அழவில்லை. என்ன வருமோ என்று காத்திருப்பவர்களைப் போல அமர்ந்திருக்கிறார்கள். மேடையில் அக்காட்சியை ஆடிய மூவரும் நெடுநேரம் அசையவே இல்லை. அசையாமல் இருப்பதும் நடனமே என்பதை அன்றுதான் அறிந்தோம்.

இனி நாங்கள் சொல்லப்போவது எங்களுக்கு மிகவும் நெருக்கமான செய்தி. அஜந்தா, எல்லோராக் குகைகளைக் கண்டு வியந்த அம்ரிதா, 1937-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தெற்கே பயணம் செய்தார். கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவரோவியங்களைப் பார்த்தார். எங்கள் கன்னியாகுமரிக்கும் வந்தார்! அந்நாளில் இப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956-இல்தான் தமிழகத்துடன் இணைந்தது. சிம்லா திரும்பியபின், தெற்கில் கண்டவற்றை மனத்தில் கொண்டு, அதே ஆண்டில் மூன்று பெரிய ஓவியங்களைத் தீட்டினார். 'மணமகளின் ஒப்பனை', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தினர்' என்பவை அவை.

மூன்றாவது ஓவியம் மேடையில் உயிர் பெற்றது. பெண்கள் தலைச்சுமையுடன் நடப்பதுபோல் வரிசையாக வந்தனர். முன்வரிசையில் நடுநாயகமாக வந்தவள் நல்ல கறுப்பு நிறம். விளக்கொளி அவள் முகத்தில் விழுந்தபோது, சந்தைக்குச் சென்று திரும்பும் எங்கள் பாட்டிமாரின் நினைவு எங்களுக்கு வந்தது. அத்தனை அழகாக இருந்தாள். பாரிஸில் பதக்கம் பெற்ற ஓவியர், உலகெல்லாம் விட்டு நம் ஊர்க் கறுத்த முகங்களில் அழகைக் கண்டாரே என்று பெருமிதம் கொண்டோம். அடுத்த கணமே எங்களுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது.

சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் நாடகத்திற்கு வேடங்களைப் பங்கிட்டவர்கள் நாங்கள். மாதா வேடத்தை மிகவும் விரும்பியவள் எங்கள் தோழி ஒருத்தி. வகுப்பிலேயே நன்றாக நடிப்பவள் அவள்தான். மாதாவுக்கு நிறம் போதாது என்று சொல்லி, அவளை இடையர்களுள் ஒருத்தியாகக் கடைசியில் நிறுத்தினோம். போதாக்குறைக்கு முகத்தில் ரோஸ் பவுடரையும் அப்பினோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் அதைத் தவறென்று நினைக்கவில்லை. அன்று அரங்கத்தில் அவள் எங்கள் நடுவில்தான் அமர்ந்திருந்தாள். எங்களால் அவள் பக்கம் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

அம்ரிதா 1938-இல் டாக்டர் விக்டர் ஏகானை மணந்தார். உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூருக்கு அருகிலுள்ள சராயாவில் வாழ்ந்து வரைந்தார். 1941-இல் லாகூரில் குடியேறினார். அங்கே தம் ஓவியக் கண்காட்சி தொடங்கவிருந்த சில நாட்களுக்கு முன், டிசம்பர் 5-ஆம் நாள், 28-ஆம் வயதில் காலமானார். வாழ்ந்தபோது அவருடைய ஓவியங்களை வாங்கியவர்கள் சிலரே. இன்றோ அவை நாட்டின் கலைச் செல்வங்கள். அவற்றுள் பல புதுடில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளன. 1937-இல் அவர் வரைந்த 'கதை சொல்பவர்' என்னும் ஓவியம், 2023-இல் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது.

மேடையில் அம்ரிதாவாக ஆடியவள் மெல்லச் சாய்ந்தாள். மற்றவர்கள் நிற்கவில்லை, சந்தைக்குச் செல்லும் அந்த வரிசை நடந்துகொண்டே இருந்தது. ஓவியர் மறைந்தாலும் ஓவியம் மறைவதில்லை என்பதை இதைவிட எப்படிச் சொல்ல முடியும்?

திரும்பும் வழியில் பேருந்தில் பாட்டு இல்லை. மறுநாள் ஞாயிறு பூசைக்குப் பின் எங்கள் தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். இவ்வாண்டு மாதா வேடம் அவளுக்கே என்றோம். அவள் சற்று யோசித்தாள். மாதாவுக்கு வசனமே குறைவு என்றும், தனக்குச் சத்திரக்காரி வேடமே வேண்டும் என்றும் சொல்லிச் சிரித்தாள்! அவ்வாறே நடித்துக் கைதட்டலையெல்லாம் அள்ளிக்கொண்டாள். அன்று எங்களில் எவரும் முகத்தில் பவுடர் பூசவில்லை.

நிறத்தை வைத்து அழகை அளப்பவர் கண்ணிருந்தும் காணாதவரே. காணக் கற்றுத் தந்த அம்ரிதாவின் புகழ் ஓங்குக!