பெயர் மட்டுமே அவருடையது: பிரெட் டூசன்பேர்க்கின் கதை

விலையுயர்ந்த கார்களில் எனக்கு ஒருபோதும் பெரிய ஆர்வம் இருந்ததில்லை. ஆனாலும் ஒரு காரின் கதை பல வருடங்களாக என் மனதை விட்டு அகலவில்லை. அதை உருவாக்கிய மனிதரின் வாழ்க்கையே அதற்குக் காரணம்.

பிரெட் டூசன்பேர்க் 1876ஆம் ஆண்டு ஜேர்மனியில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் பிள்ளைகளோடு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் குடியேறியபோது அவருக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. அவர் பொறியியல் கல்லூரியில் படித்தவரல்லர். விவசாயக் கருவிகளைத் திருத்தியும், சைக்கிள்கள் செய்தும், சைக்கிள் பந்தயங்களில் ஓடியும் தொழிலைக் கற்றுக்கொண்டார்.

1913இல் தம்பி ஓகஸ்ட்டுடன் சேர்ந்து சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 1921இல் பிரான்ஸின் லு மான் நகரில் நடந்த கிராண்ட் பிறிக்ஸ் பந்தயத்தில் அவர்களது கார் முதலிடம் பெற்றது. 1924, 1925, 1927 ஆகிய ஆண்டுகளில் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்திலும் வென்றது. திரவ அழுத்தத்தால் நான்கு சில்லுகளையும் ஒன்றாகப் பிடிக்கும் பிறேக்கை, விற்பனைக்கு வந்த அமெரிக்கக் காரில் முதலில் பொருத்தியவர்களும் இவர்களே.

வெற்றிகள் குவிந்தன. ஆனால் கணக்குப் புத்தகம் அவருக்குக் கைவரவில்லை. 1924இல் நிறுவனம் கடனில் மூழ்கியது. 1926இல் ஈ. எல். கோர்ட் என்ற தொழிலதிபர் அதை வாங்கினார். தன் பெயரைத் தாங்கிய தொழிற்சாலையில் பிரெட் இன்னொருவரின் கீழ் பொறியியலாளராக வேலை செய்ய வேண்டியதாயிற்று.

வேறொருவர் என்றால் மனமுடைந்து ஒதுங்கியிருக்கலாம். அவரோ அந்த நிலையில்தான் தன் வாழ்நாளின் சிறந்த வேலையைச் செய்தார். 1928 டிசம்பரில் நியூயோர்க் கண்காட்சியில் 'மொடல் ஜே' அறிமுகமானது. எட்டு சிலிண்டர்கள், 32 வால்வுகள், 6.9 லீற்றர் கொள்ளளவு, 265 குதிரைவலு என்று அறிவிக்கப்பட்டது. அப்போது வீதிகளில் ஓடிய போர்ட் காரின் வலு சுமார் 40 தான். ஜே மணிக்கு 190 கிலோமீற்றர் வரை ஓடும் என்றார்கள். உடற்பகுதி இல்லாத சட்டகமும் இயந்திரமும் மட்டுமே 8,500 டொலர். உடற்பகுதியை வாங்குபவர் விரும்பிய பட்டறையில் தனியாகச் செய்விப்பார்.

அடுத்த ஆண்டே பங்குச்சந்தை சரிந்தது. நாடு முழுவதும் வேலையின்மை பரவியது. ஆனாலும் பிரெட் நிற்கவில்லை. 1932இல் 320 குதிரைவலு கொண்ட 'எஸ்ஜே' வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலை மாதம், பென்சில்வேனியாவின் மலைப்பாதையொன்றில் அவர் ஓட்டிச்சென்ற டூசன்பேர்க் கார் விபத்துக்குள்ளானது. காயங்களிலிருந்து தேறிவந்த வேளையில் நிமோனியா பிடித்தது. ஜூலை 26ஆம் திகதி காலமானார். வயது 55.

1937இல் நிறுவனமும் மூடப்பட்டது. மொத்தம் 480 வரையிலான ஜே வகைக் கார்களே செய்யப்பட்டன. அவற்றில் ஒன்று 2018இல் 22 மில்லியன் டொலருக்கு ஏலம் போனது.

அந்தத் தொகை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தொழிற்சாலையைக் கடன்காரர்கள் எடுத்தார்கள். உரிமையை இன்னொருவர் வாங்கினார். ஆனால் சைக்கிள் பட்டறையில் அவர் கற்ற கைவேலையை எவராலும் எழுதி வாங்க முடியவில்லை. எல்லாம் கைமாறிப்போன பிறகும் மறுநாள் காலை வேலைக்குப் போன அந்த மனிதரைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.