ஒரே சஹனில் உண்டாலும் உடல் வேறு: இப்னு சீனா எழுதியதும் வாழ்ந்ததும்

ஒரே சஹனில் அமர்ந்து சாப்பிட்ட அண்ணன் தம்பியில் ஒருவர் பருத்துக்கொண்டே போகிறார். இன்னொருவர் எவ்வளவு சாப்பிட்டாலும் மெலிந்தே இருக்கிறார். ஏன் இப்படி என்று நம் வீடுகளில் அடிக்கடி பேசிக்கொள்கிறோம். உண்ட உணவை உடல் எரித்துச் சக்தியாக்கி, தசையாக்கி, மிச்சத்தை வெளியேற்றும் வேலையை இன்று வளர்சிதை மாற்றம் என்கிறோம். அந்தப் பெயர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதைப் பற்றி விரிவாக எழுதியவர் மருத்துவ மேதை இப்னு சீனா.

ஹிஜ்ரி 370, அதாவது கி.பி. 980-இல் புகாராவுக்கு அருகிலுள்ள அஃப்ஷனா என்ற ஊரில் பிறந்தார். பத்து வயதில் குர்ஆனை மனனம் செய்தார். பதினாறு வயதிலேயே மற்ற மருத்துவர்கள் அவரிடம் வந்து படித்தார்கள். நோயுற்ற சாமானிய மன்னர் நூஹ் பின் மன்சூருக்குச் சிகிச்சை அளிக்க அழைக்கப்பட்டபோது, அரண்மனை நூலகத்தில் படிக்க அனுமதி கேட்டுப் பெற்றார். தந்தை இறந்த பிறகு அவருக்கு நிலையான ஊர் என்று ஒன்று இருக்கவில்லை. குர்கஞ்ச், ஜுர்ஜான், ரய், ஹமதான், இஸ்ஃபஹான் என்று அலைந்தபடியேதான் வாழ்நாள் கழிந்தது. ஐந்து பாகங்கள் கொண்ட 'அல் கானூன் ஃபித் திப்' நூலை ஜுர்ஜானில் தொடங்கினார்.

உணவு நான்கு கட்டங்களில் செரிக்கிறது என்று கானூன் விளக்குகிறது. முதலில் இரைப்பையில், அடுத்து கல்லீரலில், பிறகு இரத்தக் குழாய்களில், கடைசியாக ஒவ்வோர் உறுப்பிலும். ஒவ்வொரு கட்டத்திலும் கழிவு உண்டு. மலமும் சிறுநீரும் நமக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் தோல் வழியே வெளியேறுவதும் ஒன்று இருக்கிறது என்றார். இந்த வேலையை நடத்துவது உடலின் இயல்பான வெப்பம். அந்த வெப்பம் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. வயது, ஆணா பெண்ணா என்பது, வாழும் ஊரின் காற்று, பருவகாலம், உணவு, உறக்கம், உடலுழைப்பு, கோபமும் கவலையும், இவை யாவும் அதை ஏற்றி இறக்குகின்றன. ஒருவருடைய மிஜாஸ், அதாவது உடல்வாகு, இப்படித்தான் அமைகிறது. யூனானி மருத்துவரிடம் சென்றவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல.

இதில் எவ்வளவு சரி? குழாய்களுக்குள் செரிமானம் நடப்பதில்லை என்று இன்று அறிவோம். வெப்பத்தின் இடத்தில் இன்று தைராய்டு சுரப்பு, தசையின் அளவு, பரம்பரை ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறோம். வயதைப் பொறுத்தவரை, நாற்பதை ஒட்டி உடலின் வெப்பம் இறங்கத் தொடங்குகிறது என்று அவர் கருதினார். ஆனால் 2021-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, உடல் எடையையும் தசையையும் கணக்கில் கொண்டால், 20 முதல் 60 வயது வரை சக்தி செலவாகும் வேகம் ஏறக்குறைய மாறாமல் இருப்பதைக் காட்டியது. 60-க்குப் பிறகே அது மெல்லக் குறைகிறது. ஒரு வயதுக் குழந்தையின் உடலோ, அதன் அளவுக்கு, பெரியவர்களைவிட 50 சதவீதம் வேகமாக எரிக்கிறது. நாற்பதைத் தாண்டியதால்தான் தொப்பை என்று நம்மில் பலர் சொல்வது முழு உண்மையல்ல! உறக்கமும் உழைப்பும் உணவும் மாறிவிட்டதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இவற்றை இப்னு சீனாவும் தம் பட்டியலில் வைத்திருந்தார்.

தோல் வழியே தெரியாமல் வெளியேறுவதை அளந்து பார்க்க ஒருவர் வர அறுநூறு ஆண்டுகள் ஆயின. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் சான்டோரியோ, தராசில் தொங்கும் நாற்காலியில் அமர்ந்து, உண்டதையும் கழித்ததையும் ஆண்டுக்கணக்கில் எடை போட்டார். எட்டு பவுண்டு உட்கொண்டால் அதில் ஐந்து பவுண்டு வரை கண்ணுக்குத் தெரியாமலே வெளியேறுகிறது என்று 1614-இல் எழுதினார். அவர் மாணவர்களுக்குப் பாடம் நடத்திய நூல்களில் கானூனும் ஒன்று. 1625-இல் அதன் முதல் பகுதிக்கு விரிவுரையும் வெளியிட்டார்.

இனி இப்னு சீனாவின் சொந்த உடலைப் பார்ப்போம். ஹமதானில் அமீர் ஷம்சுத் தவ்லாவின் கடும் குடல் வலியைக் குணப்படுத்தியதால் அவருக்கு வஸீர் பதவி கிடைத்தது. பகலெல்லாம் அரசுப் பணி, இரவில் மாணவர்களுக்குப் பாடம். உறங்கும் நேரம் குறைவு. அமீருக்குப் பின்னாளில் அதே வலி திரும்ப வந்தது. மருத்துவரின் அறிவுரையை அவர் பொருட்படுத்தவில்லை, பயணத்தின் வழியிலேயே இறந்தார். அடுத்து வந்தவரிடம் பணியாற்ற விரும்பாத இப்னு சீனா ஒரு மருந்து வணிகரின் வீட்டில் ஒளிந்திருந்தார். அங்கே நாளொன்றுக்கு ஐம்பது தாள்கள் எழுதினாராம். பிறகு பிடிபட்டு ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதம் சிறையிருந்தார். குடல் வலியைப் பற்றிய தனி நூலை அங்கேதான் எழுதினார்.

அதே நோய்தான் கடைசியில் அவரையும் பிடித்தது. இஸ்ஃபஹான் ஆட்சியாளர் அலாவுத் தவ்லாவுடன் போர்ப் பயணத்தில் இருந்தபோது வலி வந்தது. சிகிச்சைக்காகப் படை நிற்காது, பின்தங்கினால் எதிரிகளிடம் சிக்கலாம். எனவே விரைவில் குணமாக வேண்டுமென்று ஒரே நாளில் எட்டு முறை எனிமா எடுத்துக்கொண்டார். குடல் புண்ணானது. அவர் சொன்ன அளவைவிட மிக அதிகமாக ஒருவர் செலரி விதையைக் கலந்துவிட, புண் மோசமானது. சற்றுத் தேறியதும் பத்தியம் காக்கவில்லை, சுகபோகங்களிலும் அளவு மீறினார். இதையெல்லாம் மறைக்காமல் எழுதியவர், கால் நூற்றாண்டு அவருடன் இருந்த மாணவர் ஜூஸ்ஜானி. ஆசிரியர் மீது பெரும் மதிப்பு கொண்டவர் அவர். ஆகவே அந்த நேர்மையை நாம் குறைத்து மதிப்பிட முடியாது.

மீண்டும் ஹமதான் நோக்கிப் புறப்பட்ட பயணத்தில் வலி திரும்பியது. இனி உடல் தாங்காது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. மருந்தை நிறுத்தினார். தவ்பா செய்தார், செல்வத்தை ஏழைகளுக்குக் கொடுத்தார், அடிமைகளை விடுதலை செய்தார், மூன்று நாட்களுக்கு ஒருமுறை குர்ஆனை ஓதி முடித்தார் என்று வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் பதிவு செய்கிறார். ஹிஜ்ரி 428 ரமழானில், கி.பி. 1037-இல், ஹமதானில் வஃபாத்தானார். அவருடைய கப்ரு அங்கேதான் இருக்கிறது.