பிரித்துப் பார்த்துக் கற்ற ஜி.டி. நாயுடு

பழநிக்கு நம் குடியிருப்பில் போகாதவர்கள் யார்? அந்தப் பழநிக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸுடன் தொழில் தொடங்கியவர்தான் ஜி.டி. நாயுடு.

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்தார். பள்ளிப் படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றது. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அதையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அக்கக்காகக் கழற்றினார், மறுபடி பூட்டினார். அவருக்கு அதுவே பொறியியல் கல்லூரி.

பிறகு மின்சார சவர இயந்திரம், ஏழைகளும் வாங்கக்கூடிய ரேடியோ, பழச்சாறு பிழியும் கருவி என்று வரிசையாகச் செய்தார். 1952-இல் 2,000 ரூபாயில் இருவர் செல்லும் கார் ஒன்றையும் உருவாக்கினார். அரசு உரிமம் கிடைக்காததால் அது சந்தைக்கு வரவில்லை.

1974-இல் மறைந்தார். ஆனால், அவர் செய்தவையும் சேகரித்தவையும் எடைக்குப் போகவில்லை. கோவை அவிநாசி சாலையில் அவர் அமைத்த தொழிற்கண்காட்சியில் இன்றும் பார்க்கலாம். கோவை போனால் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.

பொங்கலுக்குப் பரணை ஒழிக்கும்போது நம் வீடுகளிலிருந்து வால்வு ரேடியோ, கை தையல் மெஷின், டைப்ரைட்டர் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. பேரேட்டில் ஏறாதது கணக்கில் இல்லை என்பது வங்கிப் பழக்கம். போடுவதற்கு முன் எந்தக் கம்பெனி, எந்த வருடம், யார் வாங்கியது என்று ஒரு சீட்டில் எழுதி, பொருளைப் படம் எடுத்து வையுங்கள். ஓடாத பொருளானால், பேரப்பிள்ளையிடம் ஒரு திருப்புளியையும் கொடுங்கள்.