கரிச்சுரங்கம் தந்த கால்பந்து ஆசான்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கால்பந்து வெறும் விளையாட்டாக இருந்ததில்லை. அங்கு இரண்டு பெருங்கழகங்கள் உண்டு. அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த கத்தோலிக்க ஏழைகளின் பசி போக்க நிதி திரட்டும் நோக்கில் 1887ஆம் ஆண்டு தோன்றியது செல்டிக் கழகம். ரேஞ்சர்ஸ் கழகமோ சீர்திருத்தச் சபையைச் சார்ந்த மக்களின் பெருமிதமாக விளங்கியது. ஒருவர் எந்தத் தேவாலயத்திற்குச் செல்கிறார் என்பதை அறிந்தால், அவர் எந்த அணிக்காகக் குரல் கொடுப்பார் என்பதையும் பெரும்பாலும் அறிந்துவிடலாம். அந்த வேலியைத் தாண்டியவர் ஜாக் ஸ்டீன்.

கிளாஸ்கோவிற்குத் தென்கிழக்கே உள்ள பர்ன்பேங்க் என்னும் சுரங்க ஊரில் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை சுரங்கத் தொழிலாளி, சீர்திருத்தச் சபையினர், ரேஞ்சர்ஸ் அணியின் ஆதரவாளர். பள்ளியை விட்ட ஸ்டீன், சிறிது காலம் கம்பள ஆலையில் பணியாற்றிவிட்டுத் தாமும் சுரங்கத்தில் இறங்கினார். பத்தாண்டுகளுக்கும் மேலாக நிலத்தடியில் உழைத்தார். கூரை சரிந்தால் அருகில் இருப்பவனே துணை. அவன் எந்தச் சபையைச் சார்ந்தவன் என்று அங்கு எவரும் கேட்பதில்லை. அவர் பிற்காலத்தில் அணிகளை உருவாக்கிய முறைக்கு இந்த இருட்டே முதற்பள்ளி.

1942ஆம் ஆண்டு முதல் ஆல்பியன் ரோவர்ஸ் என்னும் சிறிய அணிக்கு ஆடினார். வாரம் முழுவதும் கரி வெட்டல், சனிக்கிழமையில் ஆட்டம். அவர் நுட்பம் மிக்க ஆட்டக்காரர் அல்லர், பிடிவாதமான தடுப்பாட்டக்காரர். 1950இல் சுரங்கத்தை விட்டு வேல்ஸ் நாட்டு லனெத்லி அணியில் முழுநேர ஆட்டக்காரரானார். அவர் இல்லாத வேளையில் ஊரிலிருந்த வீட்டில் இருமுறை திருட்டு நிகழவே, குடும்பம் ஊர்திரும்ப விரும்பியது. அந்நிலையில்தான், 1951 டிசம்பரில், எவரும் எதிர்பாராத அழைப்பு வந்தது. அழைத்தது செல்டிக்.

இருபத்தொன்பது வயதான அவரை இளையோரை வழிநடத்தும் மாற்று ஆட்டக்காரராகவே கழகம் சேர்த்தது. முன்னணியினர் காயமுற, அணியில் இடம் பெற்றார், விரைவில் தலைவருமானார். 1954இல் கூட்டமைப்புப் பட்டத்தையும் ஸ்காட்டிஷ் கோப்பையையும் அவ்வணி ஒருசேர வென்றது. ஆனால், பர்ன்பேங்கின் பழைய நண்பர்கள் சிலர் அவருடன் பேசுவதை நிறுத்திக்கொண்டனர். சிறுவயது முதல் பழகியவர்கள் அவர்கள். ஸ்டீன் அதற்காகத் தம் பாதையை மாற்றிக்கொள்ளவில்லை.

கணுக்காலில் ஏற்பட்ட காயம் 1957இல் அவருடைய ஆட்ட வாழ்வை முடித்தது. செல்டிக்கின் இளையோர்க்குப் பயிற்சியளித்த அவர், 1960இல் டன்ஃபெர்ம்லின் அணியின் மேலாளரானார். கீழ்ப்பிரிவிற்கு இறங்கும் நிலையிலிருந்த அவ்வணியை மீட்டு, மறு ஆண்டே ஸ்காட்டிஷ் கோப்பையை வெல்லச் செய்தார். இறுதியாட்டத்தில் தோற்ற அணி செல்டிக்! தான் அனுப்பிவிட்டவரின் மதிப்பைக் கழகம் அன்று உணர்ந்திருக்க வேண்டும். 1965 மார்ச்சில் செல்டிக்கின் மேலாளராக அவர் பொறுப்பேற்றார். அவருக்கு முன் அப்பதவியில் இருந்த அனைவரும் கத்தோலிக்கர்.

திறமையில் ஒத்த இருவர் வந்தால் சீர்திருத்தச் சபையினரையே முதலில் சேர்ப்பேன் என்று அவர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. கத்தோலிக்கரை ரேஞ்சர்ஸ் எப்படியும் சேர்க்காது. ஆகவே, அவர் கைநழுவிப் போகமாட்டார் என்பது அவர் கணக்கு. வேடிக்கைக்குள் ஒரு நகரத்தின் நோய் இருந்தது.

1967 மே 25 அன்று லிஸ்பன் நகரில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். எதிரணி இத்தாலியின் இன்டர் மிலான், முன்பே இருமுறை அக்கோப்பையை வென்றது, தடுப்பாட்டத்தில் பெயர்பெற்றது. செல்டிக் அணியினர் அனைவரும் கிளாஸ்கோவைச் சுற்றி முப்பது மைல் தொலைவிற்குள் பிறந்தவர்கள். அவர்களுள் இரு சபையினரும் இருந்தனர். ஏழாம் நிமிடத்திலேயே தண்ட உதையில் இன்டர் முன்னிலை பெற்றுப் பின்வாங்கி அரண் அமைத்தது. ஸ்டீனின் அணியோ ஓயாது தாக்கியது. பந்து இருமுறை கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 63ஆம் நிமிடத்தில் ஜெம்மலும் 84ஆம் நிமிடத்தில் சால்மர்சும் கோல் அடித்தனர். ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் பிரித்தானிய அணி என்னும் புகழ் செல்டிக்கிற்கு வந்தது. 1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது முறை கூட்டமைப்புப் பட்டமும் அதற்கே.

1971 ஜனவரி 2 அன்று ரேஞ்சர்சின் ஐப்ராக்ஸ் அரங்கில் இரு கழகங்களும் மோதின. ஆட்டம் முடியும் வேளையில் படிக்கட்டில் நேர்ந்த நெரிசலில் 66 பேர் உயிரிழந்தனர். அவர்கள் ரேஞ்சர்ஸ் ஆதரவாளர்கள். காயமுற்றோரைத் தூக்கிச் செல்ல உதவியோருள் செல்டிக் மேலாளரும் ஒருவர்.

1975இல் நேர்ந்த கார் விபத்தில் படுகாயமுற்று மீண்ட அவர், 1978இல் செல்டிக்கை விட்டு, 44 நாள்கள் லீட்ஸ் அணியிலிருந்து, பின்னர் ஸ்காட்லாந்து தேசிய அணியின் மேலாளரானார்.

1985 செப்டம்பர் 10 அன்று கார்டிஃப் நகரில் வேல்ஸ் அணியுடன் ஆட்டம். சமநிலை கிடைத்தாலும் உலகக் கோப்பை நோக்கிய அடுத்த கட்டத்திற்குச் செல்லலாம். ஒரு கோல் பின்தங்கியிருந்த ஸ்காட்லாந்து, இறுதி நிமிடங்களில் தண்ட உதையால் சமன் செய்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஸ்டீன் நிலைகுலைந்து சரிந்தார். அரங்கின் மருத்துவ அறையிலேயே அவர் உயிர் பிரிந்தது, அகவை 62. பார்வையாளர் வரிசைகளில் எழுந்த கொண்டாட்டம், செய்தி பரவப் பரவ அடங்கியது. அவருக்குத் துணையாக இருந்த அலெக்ஸ் பெர்குசன், அந்த அணியை மறு ஆண்டு மெக்சிகோவிற்கு அழைத்துச் சென்றார்.