வள்ளியாய் நின்ற வனிதை

வெற்றிமலை முருகனைத் தொழும் போர்ட் பிளேர்த் தமிழராகிய நாம், மலைக்குறமகள் வள்ளியின் காதலைத் திரையில் நடித்துக் காட்டிய டி. பி. இராஜலட்சுமி அம்மையாரை நினைவுகூர்தல் பொருத்தமேயாம்.

1911-இல் திருவையாற்றில் பிறந்த அம்மையாருக்குப் பால்ய விவாகம் நடந்தது, அது நிலைக்கவில்லை. தந்தையையும் இழந்து, அன்னையுடன் திருச்சிக்கு வந்து, நாடகமேடை ஏறினார். 1931-இல் தமிழின் முதற் பேசும்படமான ‘காளிதாஸ்’ அவரைக் கதாநாயகியாக்கிற்று. 1933-இல் வெளிவந்த ‘வள்ளி திருமணம்’, நம் தீவுக் கப்பல்கள் சென்று சேரும் கல்கத்தாவில் உருவாயிற்று. அதில் உடன் நடித்த டி. வி. சுந்தரம் அவர்களையே அம்மையார் மணந்தார். 1936-இல் தாம் எழுதிய நாவலை ‘மிஸ் கமலா’ எனத் தாமே இயக்கி, தமிழ்த்திரையின் முதற் பெண் இயக்குநரானார். 1964-இல் மறைந்தார்.

பிறர் முடித்த மணம் முறிந்தபோதும் அவர் முடங்கவில்லை. வள்ளியைப் போலவே தம் துணையைத் தாமே தேர்ந்தார். நம் பெண்மக்களுக்கு இவ்வரலாற்றைச் சொல்லி வளர்ப்போமாக.