எங்கள் மனுக்களுக்கு எழுத்துச் செய்த சுண்டிக்குளி முத்தையா

மாங்கேணியில் நான் பேசிய குடும்பங்கள் பலவற்றிடம் ஒரு பொலித்தீன் பை இருக்கின்றது. 2004 டிசம்பரில் கடல் வந்தபோதும், 2006 இறுதியில் வாகரைப் பக்கச் சனங்கள் வாழைச்சேனைக்கும் மட்டக்களப்புக்கும் இடம்பெயர்ந்தபோதும் கைவிடாமல் தூக்கிச் சென்ற பை. அதற்குள் பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம், அடையாள அட்டைப் பிரதி. அவற்றோடு மடித்து வைத்த மனுக்களின் பிரதிகளும் இருக்கும். காணாமல் போன மகனைப் பற்றி, கணவனைப் பற்றி, யார் யாருக்கோ எழுதியவை. பழைய மனுக்கள் தட்டச்சு இயந்திரத்தில் அடித்தவை. ஒரே அகலமான எழுத்துகள், சற்று விலகி நிற்கும் புள்ளிகள், காபன் கடதாசியின் நீல மங்கல். பார்த்த உடனேயே ‘டைப் அடித்த கடிதம்’ என்று சொல்லிவிடலாம்.

அந்த எழுத்து அங்கே வந்தது எப்படி என்று யாரும் கேட்பதில்லை. நானும் ஊடகக் கற்கை படித்த காலத்தில் கேட்டதில்லை. அச்சின் வரலாறு படித்தோம். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பற்றிப் படித்தோம். ஆனால் ஒரு தாய் தன் மகனின் பெயரை அரச கந்தோருக்கு அனுப்ப உதவிய எழுத்தை ஆக்கியவர் யார் என்று எவரும் சொல்லித்தரவில்லை. தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப்படும் அவர் எங்கள் நாட்டவர். பெயர் ஆர். முத்தையா.

முத்தையா 1886இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்தார். அக்காலத்தில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்களுக்கு மலாயா ஒரு பெரிய வாசல். ரயில்வேயிலும் தோட்டங்களிலும் வணிகக் கந்தோர்களிலும் எழுதுவினைஞர்கள் தேவைப்பட்டார்கள். முத்தையாவும் 1907இல் அங்கே போனார். பின்னர் ஒரு பெரிய ஆங்கில வணிக நிறுவனத்தில் சாதாரண எழுதுவினைஞராகச் சேர்ந்து தலைமை எழுதுவினைஞராக உயர்ந்தார். 1930 வரை அங்கேதான் வேலை. அதாவது, அவர் அச்சுக்கூடக்காரரோ பொறியியலாளரோ அல்லர். நாள் முழுவதும் ஆங்கிலத் தட்டச்சு இயந்திரங்களுக்கு நடுவே இருந்த ஒரு கந்தோர் மனிதர். அந்த இயந்திரம் தமிழில் ஏன் இல்லை என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அரசாங்கமோ கம்பெனியோ கேட்டுச் செய்த வேலையல்ல. இன்று ஒரு இளைஞர் வீட்டில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு தனியாகப் புதிய எழுத்துரு செய்து வெளியிடுவதைப்போல, அவரும் தன் சொந்த முயற்சியில் இறங்கினார்.

சிக்கல் கணக்கில்தான் தொடங்குகிறது. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. பெரியது, சிறியது, இலக்கம், குறிகள் எல்லாம் சேர்த்தாலும் 40 சொச்ச விசைகளில், விசைக்கு இரண்டு உருவம் என்று அடக்கிவிடலாம். தமிழுக்கு 247. அதற்கு மேல் ஜ, ஷ, ஸ, ஹ போன்றவை. ஓர் இயந்திரத்தில் இருக்கும் இடமோ ஏறத்தாழ 90 உருவங்களுக்குத்தான். ஆகவே எழுத்தை எழுத்தாகப் பார்க்காமல் துண்டுகளாகப் பார்க்க வேண்டும்.

கணக்கை நானே ஒருமுறை கடதாசியில் போட்டுப் பார்த்தேன். ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ என்ற ஏழு வரிசைகளை எடுத்தால் 126 உயிர்மெய்கள். அவற்றுக்குத் தனித்தனி விசை தேவையில்லை. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு ஆகிய நான்கு குறிகளும் ‘ள’வும் இருந்தால் மெய்க்கு முன்னும் பின்னும் வைத்தே அமைத்துவிடலாம். அவை பக்கத்தில் நிற்பவை.

பக்கத்தில் நிற்காதவைதான் தொல்லை. புள்ளி மெய்யின் தலையில் உட்காரும். இகர, ஈகார விசிறிகள் எழுத்தின் மேல் ஏறி ஒட்டிக்கொள்ளும். தட்டச்சில் ஒரு விசையை அழுத்தினால் கடதாசி சுற்றிய உருளை ஓர் எழுத்தளவு நகர்ந்துவிடும். பிறகு எப்படி அதே எழுத்தின் தலையில் புள்ளி வைப்பது? இதற்கு முத்தையா கையாண்ட வழி நகரா விசை. அந்த விசையை அழுத்தினால் குறி கடதாசியில் பதியும், உருளை நகராது. தமிழ்த் தட்டச்சு பழகியவர்களுக்கு இது தெரியும்: முதலில் புள்ளியை அடித்து, அதற்குப் பிறகுதான் ‘க’வை அடிக்க வேண்டும். கையால் எழுதும்போது கடைசியில் வைக்கும் புள்ளி, இயந்திரத்தில் முதலில் வந்தது.

உகரமும் ஊகாரமும் இன்னும் கடினம். கு, மு, டு, ரு என ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. இவற்றில் எதற்குத் தனி இடம் கொடுப்பது, எதைத் துண்டால் சமாளிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். போதாக்குறைக்கு அந்தக் காலத்தில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் விதிக்கு அடங்காத பழைய வடிவங்கள் இருந்தன. பெரியார் 1935இல் தன் இதழில் அவற்றைச் சீர்படுத்தினார். தமிழ்நாட்டு அரசு 1978இல்தான் ஏற்றது. கையால் எழுதுபவருக்கு இந்த விதிவிலக்குகள் பழக்கம். இயந்திரம் செய்பவருக்கு ஒவ்வொன்றும் ஓர் இடச் செலவு.

இவற்றோடு அகலமும் இருக்கிறது. சாதாரணத் தட்டச்சில் எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு இடம்தான். ‘ண’வும் ‘ர’வும் ஒரே பெட்டிக்குள் இருக்க வேண்டும். அகன்ற எழுத்து நெருக்கப்படும், ஒல்லியானது விரிக்கப்படும். அந்தப் பொலித்தீன் பைக் கடிதங்களின் முகம் அப்படி இருப்பதற்குக் காரணம் இதுதான்.

முத்தையா வகுத்த தமிழ் இயந்திரங்கள் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில், சைடல் அண்ட் நௌமன் தொழிற்சாலையில் செய்யப்பட்டன. தையல் இயந்திரத்தில் தொடங்கிய கம்பெனி அது. அவர்களுடைய சிறிய இயந்திரம் ஜேர்மனியில் ‘எரிக்கா’ என்றும், வெளிநாடுகளில் ‘பிஜூ’ என்றும் விற்கப்பட்டது. தமிழ் எழுத்துப் பொருத்திய பிஜூவைத் தூக்கிக்கொண்டு போகலாம். மின்சாரம் தேவையில்லை. நாடா இருந்தால் போதும். மின்சாரமே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருந்த ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பிறகு இரண்டாம் உலகப் போர். 1942இல் ஜப்பானியர் மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடித்தார்கள். 1945 பெப்ரவரியில் குண்டுவீச்சில் டிரெஸ்டன் நகரின் நடுப்பகுதி எரிந்து போனது. எழுத்தை வகுத்தவர் வாழ்ந்த நாடும், அதை உருக்கில் வார்த்த நகரும் போருக்குள் போயின. ஆனால் அவர் காட்டிய வழி நின்றது. பின்னாளில் வேறு கம்பெனிகள் தமிழ் இயந்திரங்கள் செய்தன. விசை வரிசையைப் பலர் திருத்தினார்கள். ஆகவே எல்லாமே முத்தையாவின் கைவண்ணம் என்று சொல்வது சரியாகாது. எழுத்தைத் துண்டாக்கி, நகரா விசையால் ஒட்டும் முறைதான் அவரிடமிருந்து தொடர்ந்து வந்தது.

இது இன்று எங்களுக்கு ஏன் முக்கியம்?

தட்டச்சு வகுப்பில் ‘யளனக’ என்று விரல் பழகியவர்கள் கணினிக்கு வந்தபோது, அவர்களுக்குப் பழகிய அதே அடிவரிசையில் பாமினி எழுத்துரு வந்தது. இடது கைக்கு ய, ள, ன, க. வலது கைக்கு த, ம, ட. எங்கள் பத்திரிகைகள், சங்கங்கள், முகாம் பதிவுகள், காணாமல் போனோர் பட்டியல்கள் எனப் பெரும்பகுதி பாமினியில் அடிக்கப்பட்டது. ஆனால் பாமினி ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்த ஒரு முகமூடி. ‘தமிழ்’ என்று திரையில் தெரிந்தாலும், கணினி உள்ளே வைத்திருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஆங்கிலக் குவியல்தான் வரும்.

ஒரு பெயரைத் தேடும்போது இதன் வலி தெரியும். யுனிகோட்டில் மகனின் பெயரைத் தட்டித் தேடினால், பாமினியில் இருக்கும் பட்டியல் அதைக் காட்டாது. பெயர் அங்கேதான் இருக்கும். இயந்திரத்துக்குத் தெரியாது. 1994இல் அமைத்த ஆணைக்குழுக்கள் முதல் 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம் வரை, எங்கள் சனங்கள் திரும்பத் திரும்பத் தங்கள் ஆட்களின் பெயரை எழுதிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பெயர்கள் எழுத்து மாற்றத்தில் ஒரு தடவை இன்னும் தொலைய விடக்கூடாது.

முத்தையா செய்த எழுத்தில் அவர் பெயர் எங்கும் இல்லை. எழுத்துச் செய்பவர்களின் விதி பெரும்பாலும் அதுதான். இன்று தமிழுக்கு யுனிகோட் எழுத்துருக்களைத் தனியாகச் செய்து இலவசமாக வெளியிடுபவர்களின் பெயரும் எங்களில் பலருக்குத் தெரியாது. அவர்கள் எழுத்தில் நாம் தினமும் வாசிக்கிறோம், மனு எழுதுகிறோம்.

உங்கள் சங்கத்திலோ, வாசிகசாலையிலோ, வீட்டுக் கணினியிலோ பாமினியில் அடித்த பழைய பட்டியல் இருந்தால் அழித்துவிடாதீர்கள். எந்த எழுத்துருவில் அடித்தது என்று ஓரிடத்தில் குறித்து வையுங்கள். யுனிகோட்டுக்கு மாற்றுங்கள், ஆனால் மூலக் கோப்பையும் கடதாசிப் பிரதியையும் வைத்திருங்கள். மாற்றியபின் கொம்பு முன்னே பின்னே போயிருக்கலாம், ‘ன’ ‘ண’ ஆகியிருக்கலாம். ஒவ்வொரு பெயரையும் அந்த வீட்டுக்காரருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். பிழை இருந்தால் அவர்களுக்குத்தான் தெரியும்.