யானையின் வயிற்றுக்குள் ஒரு கிண்ணம்

அல் ஜஸரியின் வாழ்க்கையை எழுத உட்காருகிறவருக்கு முதலில் ஏமாற்றம்தான் வரும். அவருடைய பிள்ளைப் பருவம், வீடு வாசல், ஆசிரியர்கள் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே கிடைப்பதில்லை. யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகளுக்கு இடைப்பட்ட ஜஸீரா என்ற நிலத்தின் பெயர் அவர் பெயரோடு ஒட்டியிருக்கிறது. இன்று துருக்கியில் உள்ள தியார்பக்கிரில், ஆர்த்துகித் மன்னர்களிடம் ஹிஜ்ரி 570 (கி.பி. 1174) அளவில் பணிக்குச் சேர்ந்தார். தகப்பன், பிறகு மூத்த மகன், பிறகு இளைய மகன் என மூன்று மன்னர்களுக்கு வேலை செய்தார். இளையவரான நாஸிருத்தீன் மஹ்மூத்தான், செய்ததையெல்லாம் எழுதிவைக்கச் சொன்னவர். 1206இல் முடிந்த அந்த நூலில் 50 கருவிகள், படங்களோடும் செய்முறையோடும் இருக்கின்றன. எனக்குத் தெரிய, அதுதான் அவருடைய சுயசரிதை.

மன்னருக்கு வுழுச் செய்யும்போது பணியாள் தண்ணீர் ஊற்றுவது பிடிக்கவில்லை. அதற்காக, தானே தண்ணீர் வார்க்கும் பொம்மை ஒன்றைச் செய்து கொடுத்தார். எழுத்துகளைச் சுற்றித் திறக்கும் பூட்டு, ஆற்று நீரை மேலேற்றும் இயந்திரங்கள், குளத்தில் மிதந்தபடி மேளம் கொட்டும் பொம்மைகளின் படகு என்று எவ்வளவோ உண்டு. நான் நின்று பார்க்க விரும்புவது யானைக் கடிகாரத்தை.

யானையின் வயிற்றுக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் அடியில் சிறு துளையுள்ள ஒரு கிண்ணம் மிதக்கிறது. நம் பழைய தமிழ் நூல்களில் வரும் நாழிகை வட்டிலும் இதே வகைதான். அது 24 நிமிடத்தில் மூழ்கும், ஜஸரியின் கிண்ணம் அரை மணித்தியாலத்தில். கிண்ணம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழும்போது, யானை மேல் அமர்ந்திருக்கும் எழுத்தரின் எழுதுகோல் சுற்றி நிமிடங்களைக் காட்டும். மூழ்கிய கணத்தில் ஒரு கயிறு இழுபட்டு, உச்சியிலிருந்து ஓர் உலோகப் பந்து விடுபடும். மேலே பறவை சுழலும். பந்து வல்லூற்றின் அலகு வழியாகப் பாம்பின் வாயில் விழும். பாரம் தாங்காமல் பாம்பு தலை குனியும்; பந்து கீழே ஒரு குடுவைக்குள் போகும். பாகன் யானையின் தலையில் அடிப்பான். உள்ளே தாளம் ஒலிக்கும். அரை மணித்தியாலம் ஆயிற்று!

தம்பிலுவிலில் என் அக்காவின் பிள்ளைகளும் லீவு நாட்களில் இப்படி ஒன்று செய்வார்கள். போளை உருண்டு தீப்பெட்டி வரிசையைத் தள்ள, கடைசிப் பெட்டி சிரட்டையைக் கவிழ்க்க, தண்ணீர் பால்பேணியில் விழ, பேணி கனத்துக் கீழிறங்க, கயிற்றின் மறுமுனையில் மணி அடிக்கும். மணி அடிக்கப் பத்து வினாடி. திரும்ப அடுக்க முக்கால் மணித்தியாலம். இடையில் பூனை வந்தால் அதுவும் வீண்.

ஜஸரியின் பெருமை எனக்கு விளங்கியது அந்த முற்றத்தில்தான். அவருடைய பாம்பு தலை குனியும்போது சும்மா குனியவில்லை. ஒரு சங்கிலியை இழுக்கிறது. அந்தச் சங்கிலி, மூழ்கிக் கிடக்கும் கிண்ணத்தை மேலே தூக்கித் தண்ணீரைக் கொட்டிவிடுகிறது. பந்தை இறக்கியதும் பாம்பு தானாக நிமிர்கிறது, கிண்ணம் மறுபடி மிதக்கிறது. விழுகிற பந்தே அடுத்த அரை மணித்தியாலத்தைத் தொடக்கி வைக்கிறது. வெளியே ஆடும் பறவையையும் பாகனையும் விட, கண்ணில் படாத இந்த வேலையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். மனிதர் செய்ய வேண்டியது, பந்துகளை எடுத்து மீண்டும் உச்சியில் போடுவது மட்டுமே.

அவர் எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டவரல்லர். பக்தாதில் ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த மூஸாவின் மக்கள் மூவருடைய நூலை அவர் அறிந்திருந்தார். ஆனால் கையால் செய்து பார்க்காத எதையும் அவர் நம்பவில்லை. ஏட்டில் மட்டும் இருக்கும் வித்தை மெய்க்கும் பொய்க்கும் நடுவில் நிற்கிறது என்பது அவர் கருத்து. அதனால்தான் அளவுகளையும் பாகங்களைப் பொருத்தும் முறையையும், இன்னொரு கைவினைஞர் செய்துகொள்ளும்படி அவ்வளவு பொறுமையாக எழுதினார்.

அந்தப் பொறுமை வீண்போகவில்லை. 1974இல் டொனால்ட் ஹில் நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். 1976இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில், நூலிலுள்ள இன்னொரு பெரிய நீர்க்கடிகாரத்தை அவர் சொன்னபடி செய்து ஓடவைத்தார்கள். துபாயில் இப்னு பதூதா பேரங்காடியின் இந்திய முற்றத்தில் யானைக் கடிகாரத்தின் பெரிய உருவம் நிற்கிறது. நம் கரையோர ஊர்களிலிருந்து அங்கே வேலைக்குப் போன வாப்பாமார் யாராவது அதைக் கடந்து போயிருப்பார்கள். அடுத்த தடவை அழைப்பு வரும்போது, பாம்பு குனிந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.